95 சென்டிமீட்டரை அளந்தது யார்?

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கொடுத்த பணத்தில் பள்ளிக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு முன்னால், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்று வகுப்பில் சொன்னபோது, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "95 சென்டிமீட்டர்னா எம்புட்டு டீச்சர்? அதை யாரு அளந்தா?" என்று கேட்டானாம். உங்கள் கேள்விக்கான பதிலை அவனுடைய கேள்வியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அவன் கேட்டது இரண்டு கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்லத் தானியங்கிக் கருவியின் திரை தேவையில்லை. ஒரு புனல், ஒரு கேன், ஊசி மாட்டாத ஒரு சிரிஞ்சு, ஒரு நோட்டு போதும். நிலையத்தை ஒரு வருடம் கழித்து வாங்குங்கள். அந்த ஒரு வருடம் பிள்ளைகள் கையால் அளக்கட்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 95. பெய்த நீர் ஓடாமல், மண்ணுக்குள் இறங்காமல், ஆவியாகாமல், விழுந்த இடத்திலேயே சமமாக நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுதான் மழை அளவு. வகுப்பறைச் சுவரில் தரையிலிருந்து 95 சென்டிமீட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கு இடுப்புக்கு மேலே வரும். உடனே அவன், எங்கள் வீட்டுக்குள் அதைவிட உயரமாக நின்றதே என்று சொல்லக்கூடும். அதுதான் நல்ல இடம், விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் நின்ற தண்ணீர் வேறு, வீட்டின் மேல் பெய்த மழை வேறு. மலையில் பெய்தது தாமிரபரணியில் இறங்கி வந்தது, குளங்கள் உடைந்தது, ஊரின் பள்ளமான பகுதி எது என்பது எல்லாம் சேர்ந்துதான் வீட்டுக்குள் நின்ற உயரத்தைத் தீர்மானித்தன. மழைமானி சொல்வது வானத்திலிருந்து நேராக விழுந்ததை மட்டும். இந்த வேறுபாடு பெரியவர்கள் பலருக்கே தெரியாது.

பிறகு மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். நான்கு பிள்ளைகள் சேர்ந்து மீட்டர் அளவில் ஒரு சதுரம் போடட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சரியாக 1 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டிலை அந்தச் சதுரத்துக்குள் பரவலாக ஊற்றிக் காட்டுங்கள், மண் நனைவதோடு சரி. அதே சதுரத்தில் 95 சென்டிமீட்டர் என்றால் 950 லிட்டர், ஏறத்தாழ ஒரு டன் எடை. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் 38 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரி 320 வந்து ஒரே ஏக்கரில் கொட்டியதற்குச் சமம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள், அவர்களே போடட்டும். 38 லட்சத்தை அடைந்ததும் வகுப்பு சற்று நேரம் பேசாது. அன்று பள்ளமான தெருக்களில் நின்றவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

இனி, யார் அளந்தது என்ற கேள்வி. மழை அளவு எதுவாக இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட கருவியின் வாய்க்குள் விழுந்த நீர்தான் அது. ஊர் முழுக்க பெய்ததை யாரும் அளப்பதில்லை. தாலுகா அலுவலக வளாகங்களில், அணைக்கட்டுகளில், வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இப்படி மழைமானி வைத்து, தினமும் காலையில் அளந்து, பதிவேட்டில் எழுதி வந்திருக்கிறார்கள். இன்று பல இடங்களில் தானியங்கிக் கருவிகளும் இருக்கின்றன. இந்திய வானிலைத் துறை தொடங்கியது 1875-ல். வடகிழக்குப் பருவத்தில்தான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி கிடைக்கிறது என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அது பெயர் தெரியாத எத்தனையோ ஊழியர்கள் நனைந்துகொண்டே போய்ப் பார்த்து எழுதிய எண்களின் சராசரி. பக்கத்தில் எங்காவது இப்படி ஒரு மழைமானி இருந்தால், அனுமதி வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் அளப்பவரை அறிமுகப்படுத்துங்கள். அந்தப் பையனுடைய கேள்விக்குப் பதில் ஒரு மனித முகம்தான்.

அந்த 95 பதிவான நாளில், அதாவது 2023 டிசம்பர் 18 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மூன்றுமே பயங்கரமான மழைதான். ஆனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள் 26 சென்டிமீட்டர் வித்தியாசம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவான நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 தான். இடையில் உள்ள ஊர்களில் எவ்வளவு பெய்தது? கருவி இல்லாத இடத்தில் அது ஊகம்தான். உங்கள் பள்ளி இருக்கும் ஊரும் அப்படிப்பட்ட ஓர் இடைவெளியில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட இடைவெளியை ஊர்மக்களே நிரப்பிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்று ஒரு நகரம். 1997 ஜூலை 28 அன்று அங்கே திடீர் வெள்ளம் வந்து ஐந்து பேர் இறந்தார்கள். நகரின் ஒரு பக்கம் ஓர் அடிக்கு மேல் மழை, இன்னொரு பக்கம் சாதாரண மழை. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் காலநிலையாளர்கள் மறு வருடமே, 1998-ல், பொதுமக்கள் கையில் எளிய மழைமானிகளைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தம் வீட்டு முற்றத்தில் அளந்து அனுப்பும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று அது அந்த நாட்டின் எல்லா மாநிலங்களிலும் பரவியிருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளும் அளக்கிறார்கள். கருவி ஒரு பிளாஸ்டிக் குழாயும் புனலும்தான். நம் பக்கத்தில், கேரளத்தின் மீனச்சில் ஆற்றுப் படுகையிலும் ஊர்க்காரர்களும் மாணவர்களும் சேர்ந்து மழையை அளந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மேலே மலையில் எவ்வளவு பெய்தது என்பது கீழே இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, செய்வது எப்படி? 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயுடன் ஒரு புனல் தேடுங்கள். ஏன் 16? ஆரம் 8, வட்டத்தின் பரப்பு 201 சதுர சென்டிமீட்டர். இந்திய வானிலைத் துறையின் மழைமானிகளில் ஒரு வகைக்கு வாய் 200 சதுர சென்டிமீட்டர், கிட்டத்தட்ட அதே. அந்த வாயில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் கேனில் 20 மில்லிலிட்டர் சேரும். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சால் ஒரு முறை நிறைய எடுத்தால் 1 மில்லிமீட்டர், பாதி எடுத்தால் அரை மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் புனல் 15 சென்டிமீட்டர் என்றால் கவலையில்லை, அதன் பரப்பைப் பிள்ளைகள் கணக்கிட்டு, தங்கள் புனலுக்கு 1 மில்லிமீட்டர் என்பது எத்தனை மில்லி என்று கண்டுபிடிக்கட்டும். வட்டத்தின் பரப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

புனல் ஆழமில்லாமல் இருந்தால் பெரிய துளிகள் தெறித்து வெளியே போய்விடும். பெயிண்ட் டப்பா ஒன்றின் வளையத்தை நறுக்கி விளிம்பில் நேராக ஒட்டினால் தெறிப்பது நிற்கும். அப்படி ஒட்டினால் அந்த வளையத்தின் வாயைத்தான் அளக்க வேண்டும், புனலின் வாயை அல்ல. கேனின் கழுத்து குறுகலாக இருக்கட்டும், ஆவியாவது குறையும். கேன் பெரிதாகவும் இருக்கட்டும். ஒரு லிட்டர் பாட்டில் 5 சென்டிமீட்டர் மழையிலேயே நிரம்பி வழிந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் அது ஒன்றும் அதிசயமல்ல. 5 லிட்டர் கேன் 25 சென்டிமீட்டர் தாங்கும். 95 சென்டிமீட்டர் தாங்க வேண்டுமென்றால் 19 லிட்டர் வேண்டும், இதையும் அவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

வைக்கும் இடத்தைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். மொட்டை மாடி வேண்டாம். பார்க்க வசதியாக இருக்கும், ஆடு மாடு வராது, ஆனால் கட்டடத்தின் மேல் ஏறி வரும் காற்று துளிகளைப் புனலுக்கு அப்பால் தள்ளிவிடும், அளவு குறைந்து வரும். வேப்பமரத்தடி வேண்டவே வேண்டாம். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி, திறந்த தரையில், வாய் விளிம்பு தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். தரைமட்டத்திலேயே வைத்தால் சேறு தெறிக்கும். மர உயரத்தை அளக்க நிழலை வைத்து முக்கோணக் கணக்குப் போடலாம், ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இதற்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் முள்வேலி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பந்து விழும்.

அளப்பது காலை 8.30 மணிக்கு. இந்தியா முழுவதும் மழையின் ஒரு நாள் அங்கேதான் முடிகிறது. கிரீன்விச் நேரப்படி அப்போது அதிகாலை 3. திங்கள் சாயங்காலம் பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வரும். இது பிள்ளைகளை மிகவும் குழப்பும். செய்தித்தாளில் வரும் மழை அளவும் பெரியவர்களைக் குழப்புவது இதனால்தான். காலை வழிபாட்டுக்கு முன்பே இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். ஒன்பது மணிக்குத்தான் முடிந்தது என்றால் 9.00 என்றே நோட்டில் எழுதட்டும், 8.30 என்று எழுதக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது? அந்தப் பெருமழை கொட்டிய 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை என்பதை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது பொறுப்பெடுத்தால் நல்லது. இல்லாவிட்டால் திங்கள் காலை சேர்ந்திருப்பதை மொத்தமாக அளந்து, எத்தனை நாள் மழை என்று குறிப்புடன் எழுதலாம். இரண்டால் வகுத்து நாளுக்குப் பாதி பாதியாகப் போடக் கூடாது. கூடவே ஒரு கண்டிப்பான விதி: இடி மின்னலிலும், தண்ணீர் ஏறும்போதும், எந்தப் பிள்ளையும் மழைமானியைப் பார்க்கப் போகக் கூடாது. அளவு போனால் போகட்டும்.

டீச்சர், நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் அந்த நோட்டைப் பற்றித்தான். மழை இல்லாத நாளிலும் பிள்ளைகள் போய்ப் பார்த்து 0 என்று எழுத வேண்டும். ஜூன், ஜூலையில் உங்கள் ஊரில் பக்கம் பக்கமாகப் பூஜ்யம்தான் வரும். சலிப்பு வரும், வெறுமனே உட்கார்ந்த இடத்திலிருந்தே 0 போட்டுவிடத் தோன்றும். அங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். 0 என்றால், போனோம், பார்த்தோம், இல்லை என்று பொருள். போகவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. இரண்டும் ஒன்றல்ல. புனல் நனைந்திருக்கிறது, ஆனால் சிரிஞ்சில் எடுக்க ஒன்றுமில்லை என்றால் 'தூறல்' என்று எழுதட்டும். நாட்டின் வானிலைப் பதிவேடுகளும் இந்த மூன்றையும் பிரித்தே வைக்கின்றன. எத்தனை நாள் தொடர்ந்து வறண்டது என்பதை அந்தப் பூஜ்யங்கள்தான் சொல்லும். நடுவில் ஒரே ஒரு பொய்ப் பூஜ்யம் இருந்தாலும் எது பொய் என்று தெரியாததால் அத்தனையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

பென்சில் வேண்டாம், பேனா. தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, எழுதியவர் பெயரைப் போடட்டும். அழிப்பான், வெள்ளை மை இரண்டும் அந்த நோட்டின் பக்கமே வரக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதி, பிறகு ஒப்பிடட்டும். 12.5, 13.5 என்று வித்தியாசம் வந்தால், எவன் கெட்டிக்காரன் என்று முடிவு செய்யாதீர்கள். சிரிஞ்சில் காற்றுக்குமிழ் இருந்ததா, கண் நீர்மட்டத்துக்கு நேராக இருந்ததா, கேனின் அடியில் கொஞ்சம் மிச்சம் நின்றதா என்று தேடுங்கள். நம் பள்ளிகளில் அறிவியல் செய்முறை என்றாலே விடையை முதலில் தெரிந்துகொண்டு அதற்கேற்ப அளவை எழுதும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மழைக்கு விடைப்புத்தகம் கிடையாது. இன்று காலை உங்கள் பள்ளியில் எவ்வளவு பெய்தது என்பது கல்வித் துறைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அளந்த பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு பொறுப்பு வேறு எதில் கிடைக்கும்?

தானியங்கி நிலையத்தைத் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான். அதில் உள்ள மழைமானியில் சின்னதாக இரண்டு கரண்டிகள் இருக்கும். 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழ்ந்து மறுபக்கம் மேலே வரும், கருவி அதை எண்ணிக்கொள்ளும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒரு சிலந்தி உள்ளே வலை பின்னினால், ஒரு வேப்பிலை வழியை அடைத்தால், அது கவிழாது. வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போது திரையில் 0.0 என்று காட்டும். அது பார்த்து எழுதிய பூஜ்யமா, பார்க்காத பூஜ்யமா என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருக்கும்போது அந்தக் கருவி வரட்டும். அப்போது பக்கத்திலேயே கையால் அளக்கும் மழைமானியையும் வைத்துத் தினமும் ஒப்பிடலாம். உண்மையான வானிலை நிலையங்களும் புதுக் கருவியைப் பழையதோடு சேர்த்து வைத்துத்தான் சோதிக்கின்றன.

அன்னா மணியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு கொடுத்தபோது அதற்குப் பதில் கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1948-ல் புணேயில் வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவை நம் நாட்டிலேயே செய்யப்பட வழி வகுத்தார். தப்பான அளவைவிட அளவே இல்லாமலிருப்பது மேல் என்பதில் அவர் கடைசி வரை உறுதியாக இருந்தார். அந்த நோட்டின் கோடு போட்ட கட்டங்களுக்கு இதைவிடப் பெரிய ஆதரவு வேண்டாம்.

மழை நோட்டு இரண்டு மாதம் ஓடிய பிறகு வெப்பமானிக்குப் போங்கள். பாதரசம் வேண்டாம், உடைந்தால் ஆபத்து. சிவப்புச் சாயம் போட்ட ஆல்கஹால் வெப்பமானி வாங்குங்கள். முதல் நாள் ஒரே வெப்பமானியை வெயிலிலும், வேப்பமர நிழலிலும், தகரக் கூரைக்குக் கீழேயும், சிமென்ட் தரைக்கு ஒரு சாண் மேலேயும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மணி நேரத்தில் நான்கு விதமான எண்கள் வரும். அப்படியானால் நம் ஊரின் வெப்பநிலை எது? இந்தக் கேள்வியை அவர்கள் கேட்ட பிறகு ஸ்டீவன்சன் பெட்டியைச் சொல்லுங்கள்: வெள்ளை பூசிய, நான்கு பக்கமும் சாய்சட்டங்கள் வைத்த மரப்பெட்டி, ஏறத்தாழ 1.25 மீட்டர் உயரத்தில், கதவு வடக்கே பார்த்தபடி. வெயில் நேராகப் படாது, காற்று மட்டும் உள்ளே போய் வரும். வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. உள்ளூர் ஆசாரி ஒருவர் இதைச் செய்துவிடுவார். செல்போன் காட்டும் வெப்பநிலையையும் பக்கத்தில் ஒரு பத்தியில் எழுதி வரட்டும். போனில் வரும் எண் பெரும்பாலும் உங்கள் ஊரில் யாரும் அளந்ததல்ல, கணினி கணக்கிட்டுச் சொல்வது. இரண்டும் எந்த நாளில் ஒத்துப்போகின்றன, எந்த நாளில் விலகுகின்றன என்று பார்ப்பதே ஒரு தனி ஆராய்ச்சி.

காற்றுக்குக் கருவியே வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-ல் காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை படிகளாகப் பிரித்தார். கப்பல் பாய்களை வைத்து அவர் செய்ததைப் பிற்பாடு தரைக்கு மாற்றிக்கொண்டார்கள்: புகை நேரே எழுந்தால் 0, முகத்தில் உணர்ந்து இலை சலசலத்தால் 2, புழுதியும் காகிதமும் கிளம்பினால் 4, பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கச் சிரமமாக இருந்தால் 6. உங்கள் பிள்ளைகள் இதைத் தங்கள் ஊருக்கு எழுதிக்கொள்ளட்டும். வாழை இலை எப்போது கிழிகிறது, பனை ஓலை எப்போது சத்தம் போடுகிறது என்பதை அவர்களைவிட யார் அறிவார்? திசையை எழுதும்போது காற்று எங்கிருந்து வருகிறது என்பதையே எழுத வேண்டும். வாடை என்றால் வடக்கிலிருந்து, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து, கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருவது என்று கடலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாளில் உங்கள் ஊரில் மேற்கிலிருந்து வறண்ட காற்று புழுதியை வாரி அடிக்கும். ஒரே காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் ஏறும்போது ஈரத்தை மழையாக இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் சூடாகி இறங்குகிறது. குற்றாலச் சாரல் அந்த மழையின் விளிம்பு. கயத்தாற்றில் காற்றாலைகள் நிற்பதும், குதிரைமொழித் தேரியில் சிவப்பு மணல் மேடு மேடாகக் குவிந்திருப்பதும் இந்தக் காற்றைத் தெரிந்துகொள்ள உதவும். நோட்டில் திசை எழுதிக்கொண்டே வந்தால், புரட்டாசிக்குப் பிறகு ஒரு வாரத்தில் மேற்கு என்ற சொல் குறைந்து வடகிழக்கு என்ற சொல் கூடுவதைப் பிள்ளைகள் தாங்களே பார்ப்பார்கள். பருவக்காற்று என்ற பாடம் அதற்குப் பிறகு நடத்தப்பட வேண்டியது.

மேகத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வானத்தை எட்டுப் பங்காக நினைத்து, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதினால் போதும். மேக வகைகளுக்குப் பெயர்களை 1802-ல் வைத்தவர் லூக் ஹோவர்ட், லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர். அந்தப் பெயர்கள் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு. காற்றழுத்தமானியை மட்டும் விட்டுவிடுங்கள். கண்ணாடிக் குப்பியின் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, உறிஞ்சுகுழல் ஒட்டிச் செய்யும் மாதிரி எல்லா அறிவியல் கண்காட்சியிலும் இருக்கிறது. குப்பிக்குள் உள்ள காற்று வெயிலில் விரிவதும் இரவில் சுருங்குவதும்தான் அதில் பெரும்பாலும் தெரியும். அழுத்தத்தை அளக்கிறோம் என்று பிள்ளைகளை நம்ப வைப்பது நியாயமில்லை.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட வேண்டாம். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால் மழை, தும்பி தாழப் பறந்தால் மழை என்பார்கள். அப்படியே நம்பவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். நோட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். கோட்டை கட்டி இரண்டு நாளுக்குள் மழை பெய்த தடவைகள், கட்டியும் பெய்யாதவை, கட்டாமலே பெய்தவை, கட்டாமலும் பெய்யாமலும் போனவை என்று நான்கையும் எண்ண வேண்டும். பெரும்பாலும் நாம் முதலாவதை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று எனக்கே ஆசையாக இருக்கிறது. உங்கள் பக்கத்து விவசாயிகள் ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்று சொல்வார்கள். ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்ததா என்பது அவர்கள் கணக்கு. வானிலைத் துறையோ 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தாலே அந்த நாளை மழை நாள் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு உழவு என்பது எத்தனை மில்லிமீட்டர்? இதற்கு ஒரே விடை இருக்க முடியாது. கரிசலில் ஒன்று, வண்டலில் ஒன்று, தேரி மணலில் இன்னொன்று. ஒவ்வொரு மழைக்கும் பிறகு வயலில் சின்னக் கம்பியால் தோண்டி, ஈரம் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்து மழை அளவுக்குப் பக்கத்தில் எழுதினால், ஒரு பருவத்தில் உங்கள் ஊர் மண்ணுக்கான விடை கிடைத்துவிடும். தாத்தாக்களைப் பள்ளிக்கு அழைத்து அந்த அட்டவணையைக் காட்டுங்கள். அவர்கள் திருத்தினால் திருத்தட்டும்.

பள்ளியில் அறிவியல் செய்முறைக்கான வானவில் மன்றத்துக்கு வரும் கருத்தாளரிடமும் இந்த மழை நோட்டைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்தால் ஒரே நாளின் மழை ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று வரைபடத்தில் குறிக்கலாம்.

புரட்டாசி முடிவதற்குள் மழைமானி தரையில் நிற்கட்டும். வைத்ததும், அந்தப் பையனை விட்டே அது நிற்கும் இடத்தை ஒரு படம் வரையச் சொல்லி எனக்கு அனுப்புங்கள்: எந்தப் பக்கம் கட்டடம், எந்தப் பக்கம் மரம், ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் உயரம், எத்தனை மீட்டர் தள்ளி, வடக்கு எது, புனலின் விட்டம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கட்டும். முதல் மாதப் பக்கத்தின் நகலையும் வையுங்கள். அடித்த எண்களோடு, கோடு போட்ட கட்டங்களோடு அப்படியே வேண்டும், நல்ல எழுத்தில் திரும்ப எழுதி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நண்பர்